முன்பே இருந்த வலி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரைஸ்மில்லில் தவிட்டு மூட்டையைச் சுமந்தபடி, லாரிக்குச் சாய்த்து வைத்திருந்த பலகையில் அவர் ஏறியபோது பலகை நழுவியது.

2. மூட்டையோடு விழுந்தவரின் வலது தோளில் தசைநார் கிழிந்தது.

3. ஆறு மாத வைத்தியத்துக்குப் பிறகும் அந்தக் கை தோள் உயரம்வரைகூட எழும்பவில்லை. இனி எழும்பாது என்றார்கள்.

4. அவர் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். ஊனம் எவ்வளவு, அதில் விபத்தால் வந்தது எவ்வளவு, முன்பே இருந்தது எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்க, மில்லின் இன்சூரன்ஸ் கம்பெனி அவரைத் தஞ்சாவூரில் ஓர் எலும்பு மருத்துவரின் கிளினிக்குக்கு அனுப்பியது.

5. அந்தக் கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படிவத்தில் இருந்த கேள்விகளை நான்தான் கேட்டேன்.

6. ஒரு கேள்விக்கு அவர் ஒரு பதில் சொன்னார்.

7. அதை நான் எழுதினேன்.

8. ஊனத்தில் பாதி பழையது என்று முடிவாயிற்று. நஷ்டஈடும் பாதியாயிற்று.

ஐந்தும் ஏழும் நான் செய்தவை. எட்டு அவற்றின் விளைவு. ஆறாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆறாவது அவருடைய சுபாவம். அந்தச் சுபாவம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் எதிர்வீடு. அம்மாவும் அவரும் ஒரே நடவு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து நட்டவர்கள். நடவு இயந்திரம் வந்து ஆட்கள் குறைந்தபோது அம்மா வீட்டோடு நின்றுவிட்டார். புருஷன் இல்லாத அத்தை மில்லுக்குப் போனார்.

எங்கள் தெருவில் யாரும் நன்றாக இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பார்கள். மிஞ்சிப்போனால் "ஏதோ ஓடுது." நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பது எல்லோருக்கும் உள்ள பயம். பயம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, அது ஒரு பழக்கம். அத்தை அந்தப் பழக்கத்தில் ஒரு படி மேலே. நன்றாக இருப்பதை மறைத்தால் போதாது. மோசமாக இருப்பதாகச் சொல்லியும் வைக்க வேண்டும் அவருக்கு.

ஒரு வருஷம் அவர் குத்தகைக்குப் பார்த்த அரை ஏக்கரில் சம்பா நன்றாக விளைந்தது. வீட்டுக்குள் இடமில்லாமல் மூட்டைகளை வாசல்வரை அடுக்கியிருந்தார். வழியில் போன ஒருவர் கேட்டார், "என்னக்கா, இந்த வருசம் வெளச்சல் எப்படி?"

அத்தை ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே சொன்னார்: "எங்க தம்பி. பூரா கருக்காயும் பதருமாப் போச்சு."

"அப்ப நீ உக்காந்திருக்கறது?"

"இதுவா? இது உமி."

எங்கள் வீட்டுக்கு அப்பா கிரைண்டர் வாங்கியபோது நான் பத்தாம் வகுப்பு. வாய்க்காலில் மதகு வேலை நடந்ததால் ஆட்டோ தெருவுக்குள் வரவில்லை. ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே இரண்டு தென்னைமரத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மில்லிலிருந்து வந்துகொண்டிருந்த அத்தை, சேலைத் தலைப்பைச் சுருட்டி வலது தோளில் வைத்தார். "எடுத்து வைங்கண்ணே" என்றார். அந்தக் கல்லோடு தென்னைமரத்தின் மேல் நடந்தார். நடக்கும்போது பேசிக்கொண்டும் வந்தார்.

"என் தோளு எப்பவோ போச்சு பாப்பா. இதெல்லாம் தூக்கற தோளா இது? ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல தெரியுமா."

அவருக்கு மூச்சு வாங்கவில்லை. பின்னால் கிரைண்டரின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பாவுக்குத்தான் வாங்கியது. வீட்டுக்குள் கல்லை இறக்கிவிட்டு, "தைலம் இருந்தா குடு" என்று அம்மாவிடம் கேட்டார் அத்தை. அம்மாவும் கொடுத்தார். அத்தை பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, தேய்க்காமல் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அப்படிச் சொல்லிவைத்ததற்குப் பலன் இல்லாமல் போய்விடும்.

விபத்துக்கு முந்தைய வருஷம் மில்லில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். சர்க்கரை, பிரஷர், மூட்டு எல்லாம் பார்த்தார்கள். அத்தை டாக்டரிடம் "எல்லா வியாதியும் இருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்குள் வந்து கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "ஒண்ணுமே இல்லன்னுட்டாரு அந்த ஆளு. வெளிய சொல்லிடாதே."

பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டு லீவுக்கு வந்திருந்த நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரிக்காதடி. ஊர்க் கண்ணோட பொல்லாத்தனம் உனக்குத் தெரியாது" என்றார்.

என் விஷயத்திலும் அப்படித்தான். ப்ளஸ் டூ மார்க் வந்த அன்று, தெருவில் நாலு பேர் காதில் விழும்படி, "ஏதோ பாஸாயிட்டாளாமே, தேவலாம்" என்று எங்கள் அம்மாவைக் கேட்டார். பிறகு உள்ளே வந்தார். என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, அந்தக் கைகளைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கினார். பத்து விரலும் படபடவென்று முறிந்தன. "பாத்தியா, எவ்ளோ கண்ணு உம்மேல" என்றார். அவர் நெட்டி முறிக்கிற சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் அந்த அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

விபத்து நடந்தபோது நான் வெளியூரில் பயிற்சியில் இருந்தேன். அம்மா போனில் சொல்லியிருந்தார். என் கிளினிக்குக்கே அவர் வருவார் என்று நினைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி முகம் மலர்ந்தது. பிறகு என் வெள்ளைக் கோட்டையும், பக்கத்து மேஜையில் இருந்த டாக்டரையும், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்தவரையும் பார்த்தார். முகத்தை மாற்றிக்கொண்டார்.

"வணக்கம்மா. எங்க உக்காரணும், சொல்லுங்க" என்றார்.

என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்காகத்தான் அப்படிச் செய்தார். மில்லில் தவிடு சுமக்கிறவர் உரிமை கொண்டாடினால் எனக்குக் கௌரவக் குறைவாகிவிடும் என்று நினைத்திருப்பார். நானும், "இங்க உக்காருங்கம்மா" என்றேன். எனக்குத் தெரிந்தவர் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தால் இந்தப் படிவத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அதுதான் முறை. எனக்கு அது தெரியும்.

கோணம் அளக்கும் பிளாஸ்டிக் கருவியை வைத்து அளந்தேன். வலது கை பக்கவாட்டில் எழுபது டிகிரி. அதற்கு மேலே நான் பிடித்துத் தூக்கியபோது அவர் பல்லைக் கடித்தார். இடது கையையும் அளந்தேன். அது நூற்று எழுபது, ஏறக்குறைய முழுசு. முப்பது வருஷம் இரண்டு கையும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. வேலையால் தேய்ந்திருந்தால் இரண்டும் தேய்ந்திருக்கும். இது பாடப்புத்தகத்தில் இருப்பது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இரண்டு அளவையும் என் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டேன். படிவத்தில் இடது கைக்குக் கட்டம் இல்லை.

அடுத்த கட்டத்தின் தலைப்பு 'முன்பே இருந்த பாதிப்பு'. நான் கேட்டேன்: "இதுக்கு முன்னாடி தோளு நல்லாத்தான் இருந்துச்சா?"

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணிடம் இப்படிக் கேட்டாலும் ஆமாம் என்று பதில் வராது.

"எங்கேம்மா நல்லா இருந்துச்சு" என்றார் அத்தை. "நடவு நட்ட காலத்துலேர்ந்தே போன தோளுதான். எப்பவும் வலிதான். ஒருக்களிச்சுப் படுக்க முடியாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகக் கண்ணால் சிரித்தார். அந்தக் கிரைண்டர் கல்லை அவரும் நினைத்துக்கொண்டிருந்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். எனக்குப் புரியும் என்று நினைத்தார். எனக்குப் புரிந்தது.

நான் எழுதினேன்: 'நோயாளி தாமே கூறியபடி, வலது தோளில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வலி. உறங்குவதில் சிரமம்.'

டாக்டர் கெட்டவர் இல்லை. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தேய்மானம் இருக்கு. அம்பத்தஞ்சு வயசுல யாருக்குத்தான் இல்ல" என்று அவரே சொன்னார். பிறகு கேட்டார், "ஹிஸ்டரி என்ன சொல்றாங்க?" நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவங்களே சொல்லிட்டாங்களே. அப்ப பாதிக்குப் பாதின்னு போட்டுரலாம். வேற ஏதாவது சேக்கணுமாம்மா?"

கேட்டார். அதை மறைக்கக் கூடாது. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். இடது கை அளவைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது பேச்சுக்குச் சொன்னது சார், எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க என்று சொல்லியிருக்கலாம். 'எங்க ஊர்ல' என்ற வார்த்தைதான் வரவில்லை. கிளினிக்கில் யாரிடமும் நான் எந்த ஊர் என்று சொன்னதில்லை. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஹாஸ்டலில் இருந்ததால் டவுன் பெண் என்றே நினைத்திருந்தார்கள். நானும் இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அத்தை 'நடவு' என்று சொன்னபோது நான் படிவத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அதே வரிசையில் என் அம்மாவும் நட்டிருக்கிறார்.

"இல்ல சார்" என்றேன்.

வெளியே போகும்போது அத்தை, "வரேங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முழுசாகக் கிடைத்திருந்தால் அவர் மில்லுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகனிடம் கையேந்தாமல் வீட்டோடு இருந்திருக்கலாம். அவர் கேட்டதே அவ்வளவுதான். பாதியில் அது நடக்கவில்லை. உத்தரவு வந்த இரண்டாவது மாதம் மில்லில் பெருக்குகிற வேலைக்குப் போனார். துடைப்பத்தை இடது கையால் பிடித்துப் பழகிக்கொண்டார்.

அம்மா போனில் கேட்டார்: "உங்க ஆஸ்பத்திரியிலதான் பாதின்னு எழுதிட்டாங்களாமே. யாருடி எழுதுனது?"

"டாக்டர்தாம்மா எழுதுவாரு" என்றேன். கையெழுத்து அவருடையதுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குச் சம்பளம் ஏறியதை அம்மா சொல்லியிருக்க வேண்டும். வாசலில், "ஏதோ குடுக்கறாங்களாமே" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார். உள்ளே வந்து இடது கையால் என் கன்னத்தை வழித்தார். வலது கை என் முகம்வரை வரவில்லை. அதனால் என் தோளைத் தொட்டது. பிறகு இரண்டு கையையும் தன் நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இடது போயிற்று. வலது மார்புக்கு மேலே கொஞ்சம் வந்து நின்றது. அவர் யோசிக்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கைக்குக் கொண்டுவந்தார். கழுத்து வளைந்து, முகம் ஏறக்குறைய தரையைப் பார்த்தது. அந்த நிலையில் விரல்களை மடக்கினார். இடது கை விரல்கள் முறிந்தன. வலதில் சத்தமே இல்லை.

நாங்கள் கிளினிக்கில் வைத்திருக்கிற பட்டியலில் தலை சீவ முடிகிறதா, ஜாக்கெட் கொக்கி போட முடிகிறதா, மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்க முடிகிறதா என்று கேள்விகள் உண்டு. இது அதில் இல்லை.

அம்மா அடுப்படிக்குப் போனபிறகு சொன்னேன். "அத்தை, அன்னிக்கு அதை எழுதுனது நான்தான்."

"தெரியுமே. பேனா உன் கையிலதானே இருந்துச்சு."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? உங்கம்மா உன்னை வைவா. பண்டிகை நாளுல எதுக்கு அது." கரும்புத் துண்டை இடது கையால் ஒடிக்கப் பார்த்தார். முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் ஒடித்துக் கொடுத்தேன். "நான் சொன்னதைத்தானே எழுதுன. உம்மேல என்ன தப்பு? எப்பவும் சொல்றதுதான், வாயில வந்துருச்சு. நீதான் புதுசு, சின்னப் பொண்ணு. நெசம்னு நெனச்சுக்கிட்ட."

அவர் எனக்கு வழி விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அதில் போயிருக்கலாம்.

"இல்ல அத்தை. நெசம் இல்லன்னு தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

அத்தை கரும்பை மெல்வதை நிறுத்தினார். சக்கையை முந்தானையில் துப்பி முடிந்துகொண்டார்.

"தெரிஞ்சா எழுதுன?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அம்மா காபியோடு வந்தார். அத்தை குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அவர் டம்ளரைக் கழுவி வைத்ததே இல்லை.

பண்டிகை முடிந்து திரும்பியதும், அத்தைக்காக நஷ்டஈட்டு மனுப் போட்ட வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இடது கை அளவு இருந்த நோட்டுப் பக்கத்தைக் கொடுத்தேன். அத்தையை எனக்கு முன்பே தெரியும் என்பதையும், கிரைண்டர் கல்லையும், எங்கள் தெருப் பழக்கத்தையும், டாக்டர் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் இரண்டு தடவை படித்தார். "உங்க வேலைக்கு இது நல்லதில்லம்மா" என்றார். தெரியும் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லவே இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

மில் முகாமில் கொடுத்த சீட்டு கிடைத்தால் பெரிய சாட்சி என்றார் வக்கீல். அம்மா போய்க் கேட்டார். அத்தை அதை அந்த ஆடிப் பதினெட்டுக்கே குடமுருட்டி ஆற்றில் விட்டுவிட்டாராம். "நல்லா இருக்குன்னு எழுதுன சீட்டை யாராச்சும் வீட்ல வச்சுக்குவாங்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

பாதி என்ற உத்தரவை மாற்றக் கேட்டு வக்கீல் மறுபடி மனுப் போட்டார். மறுபரிசோதனைக்கு வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். முந்தின நாள் வக்கீல் அத்தையை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உள்ளதைத்தான் சொல்லச் சொல்கிறேன், முன்னாடி எப்படி இருந்தது என்று கேட்டால் நல்லா இருந்துச்சு என்று சொல்ல வேண்டும் என்று. கூடப் போயிருந்த அம்மா வந்து சொன்னார். அத்தைக்கு வாய் வரவில்லையாம். பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். மறுநாள் டாக்டர் கேட்டதும், "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, அது யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில், "வக்கீலு சொல்லச் சொன்னாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

வக்கீல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். அம்மா இதைச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு, அந்த டாக்டரும் அதை அப்படியே எழுதியிருப்பார் என்று தோன்றியது.

இப்போதைய நிலை இது. மனு நிலுவையில் இருக்கிறது. வாய்தா இரண்டு முறை தள்ளிப் போய்விட்டது. அடுத்த முறை என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். கிளினிக்கில் எனக்கு இப்போது வேலை இல்லை. டாக்டர் மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார். அத்தையின் வலது கை எழுபது டிகிரி. இடது நூற்று எழுபது. காலையில் ஏழு மணிக்கு மில்லுக்குப் போகிறார். தெருவில் யாராவது எப்படி இருக்கே என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்கிறார். நான் கேட்டால் மட்டும் ஒரு கணம் நின்று, என் கையில் பேனா ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேம்மா" என்கிறார்.